ஓரிகன் தடக் கண்காட்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

1840-களில் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து மேற்கே ஓரிகனுக்குச் சுமார் 3,200 கிலோமீட்டர் மாட்டு வண்டியில் போனவர்களைப் பற்றிய எங்கள் கண்காட்சி ஞாயிறோடு முடிந்தது.

முதல் நன்றி, சக்கரம் செய்து தந்த ஆசாரி ஐயாவுக்கு. குடம் (நடுக்கட்டை), ஆரக்கால் (குடத்தையும் வட்டையையும் இணைக்கும் குச்சி), வட்டை (மர விளிம்பு), பட்டா (விளிம்பைச் சுற்றிய இரும்பு வளையம்) என்று அவர் சொன்ன சொற்கள்தாம் விளக்க அட்டைகளில் ஏறின. அந்தப் பயணத்தில் ஆளைப் படுத்தி எடுத்ததும் சக்கரம்தான். பிளாட் ஆற்றங்கரை தாண்டி மேட்டு நிலத்து வறட்டுக் காற்று பட்டதும் மரம் சுருங்கும், இரும்புப் பட்டா சுருங்காது. பட்டா கழன்று வரும், ஆரக்கால் குடத்தில் ஆடும். இராத்திரி சக்கரத்தை ஆற்றில் ஊறப்போட்டால் மரம் உப்பிப் பிடித்துக்கொள்ளும்; காய்ந்ததும் பழைய கதைதான். வட்டைக்கும் பட்டாவுக்கும் நடுவே ஆப்படித்தும் ஓட்டினார்கள். சரியான வைத்தியம், பட்டாவைக் குறுக்கிப் பழுக்கக் காய்ச்சி ஏற்றித் தண்ணீர் ஊற்றுவது. அதற்கு உலை வேண்டும். 1843-இல் ஜிம் பிரிட்ஜர் வழியில் போட்ட கோட்டையில் கொல்லுப்பட்டறையும் இருந்தது; வருகிறவனுக்கு எது உடைந்திருக்கும் என்று தெரிந்த வியாபாரி!

லாடம் கட்டும் அண்ணன் வந்து பார்த்திராவிட்டால் மானம் போயிருக்கும். எருதின் காலில் குதிரை லாடத்தை வரைந்து வைத்திருந்தோம். பிளவுபட்ட குளம்புக்குக் காலுக்கு இரண்டு துண்டு, மாட்டுக்கு எட்டு. ஆறு மாடு பூட்டினால் 48. குதிரை மாதிரி எருது மூன்று காலில் நிற்காது. அதனால் பள்ளம் வெட்டி, முதுகு அதில் பதியும்படி புரட்டிப் போட்டு அடித்தார்கள்.

மூட்டைகளும் தராசும் தந்த மளிகைக் கடைக்காரருக்கும் நன்றி. அக்கால வழிகாட்டிகள் சொன்ன கணக்கு, ஆளுக்கு மாவு 90 கிலோ, உப்பிட்ட பன்றிக்கறி 68, சர்க்கரை 9, காப்பிக்கொட்டையும் உப்பும் நாலரை நாலரை. நான்கு பேருக்கு 700 கிலோ தாண்டிவிடும். வண்டி தாங்குவதோ ஏறக்குறைய ஒரு டன். இரும்பு அடுப்பும் பெட்டியும் வழியெல்லாம் ஏன் வீசப்பட்டுக் கிடந்தன என்று அடுக்கிப் பார்த்த பிள்ளைகளுக்கே புரிந்தது. கொழுப்பு உருகாமலிருக்கக் கறியைத் தவிட்டில் புதைப்பதைக் காட்ட அவரே தவிடும் தந்தார்.

மூட்டைகளும் தராசும் சனிக்கிழமைக்குள் வந்து சேரும். பின்னச்சில் தொங்கவிட்ட வண்டி மை வாளியை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கீலும் (தார்) கொழுப்பும் கலந்தது, சோப்புக்கு மசியவில்லை.

நன்றியுடன்,
கண்காட்சிக் குழுவினர்