விதைப் பையில எழுதினா என்ன கொறஞ்சிடும்?

ஆசிரியருக்கு வணக்கம். ஜீன் எடிட்டிங் விதைல வேற உயிரினத்தோட ஜீன் எதுவும் இல்ல, செடியோட சொந்த டிஎன்ஏவுலதான் சின்ன திருத்தம், அதனால ஜிஎம் (மரபணு மாற்றுப்) பயிருக்கான சட்டம் இதுக்கு வேணாம்னு இத ஆதரிக்கிறவங்க சொல்றாங்க, அதுல பாதி நியாயம் இருக்கு, ஆனா டிஎன்ஏவ வெட்டித் திருத்துற கிரிஸ்பர்ங்கற மூலக்கூறு கத்திரி சில சமயம் குறி தப்பி வேற எடத்துலயும் வெட்டிடும்ங்கறது விஞ்ஞானிகளே ஒத்துக்கிட்டது தானே. ஐரோப்பிய நீதிமன்றம் 2018ல ஜீன் எடிட்டிங் பயிரும் ஜிஎம் சட்டத்துக்குள்ளதான் வரும்னுச்சு, ஜப்பான்ல 2021லயே எடிட் பண்ண தக்காளி விற்பனைக்கு வந்துடுச்சு, ஆளுக்கு ஒரு ரூல்! தடை பண்ணுங்கன்னு நான் கேக்கல (வறட்சி தாங்குற ரகம் வந்தா யாருக்கு கசக்கும்?). டெஸ்ட் ரிசல்ட்ட வெளியிடட்டும், பேட்டன்ட் யார் கையிலன்னு பையிலயே போடட்டும், அறுவடைல கொஞ்சம் விதைக்கு எடுத்து வைக்கலாமா கூடாதான்னு விவசாயிக்கு வாங்கும்போதே தெரியணும்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்