தாத்தா மேசை

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உன் பின்னால் வெறும் சுவர்தான் தெரிந்தது. தாத்தா மேசையைக் காணோம். இடம் மாற்றிப் போட்டிருப்பாய். நான் அதற்காக எழுதவில்லை.

ஜன்னல் ஓரமாக மட்டும் போடாதே, வெயில் பட்டால் மரம் சுருங்கும். சூடான டம்ளரை மேலே வைக்காதே. அது அரக்கு பாலிஷ், வெள்ளை வட்டம் விழும். எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

நீ இளைத்த மாதிரி இருந்தது. ஒருவேளை லைட் வெளிச்சம். அவளும் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை என்றாய். சரி.

அந்த மேசையில் தாத்தா ஓர் ஆணிகூட அடிக்கவில்லை, தெரியும்தானே. எல்லாம் ஒரு கட்டையின் துளையில் இன்னொரு கட்டையின் கழுந்து முனையைச் செருகிக் கோத்தது. கழுந்து கையழுத்தத்துக்குப் பாதிவரை போக வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளி மரச்சுத்தியால் தட்டுவார். சும்மா வைத்ததுமே உள்ளே விழுந்தால் அந்தக் கட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார். ஆனால் மேல்பலகையை மட்டும் இறுக்கவே மாட்டார். சட்டத்தில் காடிப் பள்ளம் வெட்டி, அடியில் சின்னச் சின்னக் கட்டைகளால் பிடித்திருப்பார். "பலகை அகலவாக்குல மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். போக வர இடம் விடணும்மா" என்பார்.

அதில் உட்கார்ந்து படித்துத்தான் இவ்வளவு தூரம் போனாய். பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொள்கிறேன். போனவனுக்குத்தான் அம்மாவைக் கூப்பிட நேரமில்லை.

நடுவில் விரிசல் இருக்கிறதே, தாத்தா மரத்தூளையும் வச்சிரப் பசையையும் குழைத்து அடைத்தது. நீ ஏறிக் குதித்ததால் வந்தது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அன்றைக்கு உனக்கு 7 வயது. ஸ்கேலால் அடித்தேன்.

அது உன்னால் வந்ததில்லை. ஒரு கட்டை கழன்று பலகை லேசாக ஆடியது. தாத்தா வரட்டும் என்று பொறுக்காமல், அடியில் இருந்து சாய்வாக நானே ஆணி அடித்தேன். ரெண்டு பக்கமும் நாலு நாலு. கோடை வந்ததும் பலகை சுருங்கப் பார்த்தது, ஆணி விடவில்லை. ஒருநாள் ராத்திரி 'டப்'பென்று பிளந்தது. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். காலையில் நீ அதன் மேல் ஏறி நிற்பதைப் பார்த்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

தாத்தா எட்டு ஆணியையும் பிடுங்கி என் கையில் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு விரிசலை அடைத்தார். அப்போதாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மேசையை விற்றிருந்தாலும் எனக்குக் கோபமில்லை. அவள் எடுத்துக்கொண்டு போயிருந்தாலும் இல்லை. இருந்தால், அடியில் குனிந்து பார். ஆணி ஓட்டை தெரியும்.

ஜன்னல் ஓரம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே, எந்த நேரமானாலும் கூப்பிடு. எனக்கு இப்போதெல்லாம் தூக்கம் கம்மிதான்.

அம்மா