உன் குரலை வெளிச்சத்தில் ஏற்றினேன்

மேற்கு மாம்பலம், சென்னை

அன்புள்ள பாப்பா,

நேற்று மாலை உன் குரலை வெளிச்சத்தில் ஏற்றி, நம் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அனுப்பினேன். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னிடம் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. அது எனக்கு எழுத்தில்தான் வரும்.

ரிச்சி தெருவில் ஒரு வெள்ளை எல்இடியும் உள்ளங்கை அளவு சோலார் தகடும் வாங்கினேன். பழைய ரேடியோவிலிருந்து ஆடியோ டிரான்ஸ்பார்மரைக் கழற்றி, பாட்டரியோடும் எல்இடியோடும் தொடராக இணைத்தேன். போன வாரம் நீ அனுப்பிய குரல்பதிவை அதன் வழியாகச் செலுத்தினேன். குரலுக்கேற்ப எல்இடியின் ஒளி ஏறி இறங்கும். எதிரே அந்த ஒளியை மின்சாரமாக்கும் சோலார் தகடு, அதிலிருந்து ஒலியாக்க நம் பழைய ஆம்ப்ளிஃபயர்.

முதலில் உன் குரலே இல்லை, ஒரே ரீங்காரம். மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. நம் மின்சாரத்தில் அது விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு தகடுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் அதன் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறேன்! அணைத்தேன். "அம்மா, இங்கே ஒரே மழை" என்றாய். எல்இடி அசையாமல் எரிவதாகத்தான் என் கண்ணுக்குப் பட்டது. அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்து குறுக்கே நின்றாள், குரல் நின்றது. விலகினாள், விட்ட இடத்தைத் தாண்டிப் பேசிக்கொண்டிருந்தாய். மூன்று முறை திரும்பப் போடச் சொன்னாள்.

ஒளியில் செய்தி அனுப்புவதைப் பற்றி ஆராய நீ கிளம்பிய அன்று, விமான நிலையத்தில் நான் கேட்டது நினைவிருக்கிறதா? "விளக்கைப் போட்டு அணைக்க எடின்பரோ வரை போக வேண்டுமா?" நீ பதில் சொல்லாமல் உள்ளே போனாய். 36 ஆண்டுகள் தொலைபேசித் துறையில் இருந்தவன் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கண்ணாடி இழைக்குள் ஒளியை ஓட்டிய கை இது. அதே ஒளி இழையை விட்டு வெளியே வந்தால் பேசாது என்று ஏன் நினைத்தேன்? தொலைபேசி தந்த கிரகாம் பெல்லே 1880இல் சூரிய ஒளியில் குரலை ஏற்றி 213 மீட்டர் அனுப்பியிருக்கிறார். தொலைபேசியைவிட அதையே பெரிதாக மதித்தாராம். என்னை மன்னித்துவிடு, அம்மா.

இப்போது நிறையப் படிக்கிறேன். வெள்ளை எல்இடி உள்ளுக்குள் நீலம்தான், மேலே பூசிய பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்பொருள்தான் அதை வெள்ளையாகக் காட்டுகிறது என்று தெரிந்தபோது அசந்துபோனேன். அந்தப் பாஸ்பர் மெதுவாக அணைவதால் செய்தி அனுப்பும் வேகம் குறைகிறது. அதனால் வாங்கும் முனையில் நீல ஒளியை மட்டும் வடிகட்டி எடுக்கிறார்களாம். நீ செய்வது இதுவா, அல்லது இதையும் தாண்டியதா? விரிவாக எழுது. எனக்குப் புரியும்.

ரேடியோ அலை கடல்நீரில் சிறிது தூரத்திலேயே மடிந்துவிடும். நீல, பச்சை ஒளி அதைவிட வெகுதூரம் போகும் என்றும் படித்தேன். பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. திரும்பி வா என்று வற்புறுத்த மாட்டேன். ஆனால் ஆசை இருக்கிறது, மறைக்கவில்லை.

ஒரு சந்தேகம். இன்று காலை எல்லாவற்றையும் பால்கனிக்கு எடுத்துப் போனேன். வெயில் தகட்டில் விழுந்ததும் உன் குரல் தேய்ந்து, கேட்காமலே போய்விட்டது. ஒரு குழாயை வைத்து மறைத்தால் போதுமா, அல்லது வேறு வழி உண்டா? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல். அதுவரை எதையும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா