அருங்காட்சியக முற்றத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார், அக்காமார், ஆச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் குடும்பத்தோடு தாழி வனைந்து, கல்லெழுத்தைப் படியெடுத்து, பாய் முடைந்து பார்த்த நாள் நல்லபடியாக நடந்ததற்கு நீங்கள்தான் காரணம். யார் என்ன செய்து தந்தீர்கள் என்று விவரமாகவே எழுதுகிறோம். அடுத்து நடத்துகிறவர்களுக்கும் அது உதவும்.

முதல் நன்றி காருகுறிச்சியிலிருந்து வந்த மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு. குளத்துக் களிமண்ணைக் காயவைத்து, இடித்துச் சலித்து, இரண்டு நாள் ஊறப்போட்டு, நாலு பங்குக்கு ஒரு பங்கு நைசான ஆற்றுமணல் சேர்த்து மிதித்தே கொண்டுவந்தீர்கள். மணல் இல்லாத களி காய்கையில் சுருங்கி வெடிக்கும். மணல் கூடிப்போனால் விளிம்பு உதிரும். பிள்ளைக்கு முக்கால் கிலோ மண், அரைச்சாண் உயரத் தாழிக்குச் சரியாக இருந்தது. மண்ணைத் திரிதிரியாக உருட்டி அடுக்கும்போது ஒவ்வொரு திரியையும் கீழ்த்திரிமேல் இழுத்துத் தேய்க்கச் சொன்னீர்களே, அப்படித் தேய்க்காத தாழிகள்தான் காயத் தொடங்கியதும் அந்தக் கோட்டிலேயே பிரிந்தன. உள்ளே உருண்டைக் கல், வெளியே பலகை என்று வைத்துத் தட்டிக் காட்டியதும் முக்கியம். தாமிரபரணிக் கரையின் பழைய இடுகாடான ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியர் யாகோரும், 1899க்குப் பிறகு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீயும் தோண்டி எடுத்த, இறந்தவர்களைப் புதைத்த பெருந்தாழிகளைப் பற்றி விளக்கப் பலகையில் எழுதி வைப்பதைவிட, கையில் மண் ஒட்டிய பிள்ளைக்கு அந்த உழைப்பு நன்றாகப் புரிகிறது.

கருப்பு-சிவப்புப் பானையின் உட்புறம் ஏன் கருப்பு என்று எல்லாரும் கேட்டார்கள். உள்ளே இலைதழை வைத்து வாய் கீழாகக் கவிழ்த்துச் சுட்டால், காற்றுப் புகாத உட்புறம் கருக்கும், காற்றுப் படும் வெளிப்புறம் சிவக்கும். இதைச் சூளையில் செய்து காட்டவும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குள் தாழிகளை வெயிலில் வைத்துவிடாதீர்கள், தாய்மாரே. விளிம்பு முந்திக் காய்ந்து அடி ஈரமாக இருந்தால் கீறல் விடும். ஒரு வாரம் நிழலில், கவிழ்த்து வைத்தால் போதும். அடிக்கனத்தில் ஈரம் நின்றால் சூளையில் வெடித்துப் பக்கத்துத் தாழியையும் உடைத்துவிடும்.

பயிற்சிக்கென்று ஒன்றரை அடிக் கல்லில் ‘பொருநை’ (தாமிரபரணியின் பழம்பெயர்) என்று பழந்தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் வெட்டித் தந்த கல்தச்சர் அண்ணாச்சிக்குக் கோடி நன்றி. மானூர்க் கல்வெட்டு போன்ற பழைய கல்லில் பிள்ளைகளைக் கைவைக்க விடக் கூடாது. இந்தக் கல் இல்லாவிட்டால் மைப்படி (கல்லெழுத்தைத் தாளில் மை ஒற்றி எடுக்கும் படி) எடுத்துக் காட்டவே முடிந்திருக்காது. கல்வெட்டு வாசிக்கும் ஆசிரியர்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டது இன்னொரு பெரிய உதவி. கல்லைத் தென்னந்தும்பால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை மேலிருந்து கீழாக ஒட்டி, குமிழியை நீவி வெளியேற்றி, எழுத்துக் குழிக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்ட வேண்டும். பிறகுதான் பொறுமை வேண்டும். தாள் சொட்டச் சொட்ட இருக்கையில் மை ஒற்றினால் பரவி எழுத்து மூழ்கிப்போகும். முழுக்கக் காய்ந்தால் தாள் கல்லை விட்டு எழும்பிவிடும். தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், விரலில் நீர் ஒட்டக் கூடாது: அதுதான் பதம். துணிப்பொதியில் மையைத் தொட்டு, முதலில் பழந்தாளில் ஒற்றிக் குறைத்துவிட்டு, இரண்டு மூன்று முறை லேசாகத் தட்டினால் கருப்பில் வெள்ளெழுத்து எழும்பும். அவசரப்பட்ட தாள்கள் நிறையவே வீணாயின. கூடுதல் தாள் கட்டை எடுத்து வந்த அச்சகத்து அண்ணாச்சியால்தான் கடைசிப் பிள்ளைவரை கிடைத்தது.

பத்தமடை அக்காமார் பாய் முடையும் கோரையை ஈரச்சாக்கில் சுற்றியே வைத்திருந்தீர்கள். காய்ந்த கோரை மடக்கினால் முறியும் என்பது பிறகுதான் எல்லாருக்கும் விளங்கியது. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை பொறுக்கித் தந்த ஆச்சிமாருக்கும், குடிநீரும் பாயும் நிழலும் பார்த்துக்கொண்ட அருங்காட்சியக ஊழியர்களுக்கும் எங்கள் நன்றி.

மைப்படித் தாள்களை மடிக்காமல், குழாயில் சுருட்டி வாங்கிக்கொள்ளுங்கள். சுட்ட தாழிகள் வந்ததும் அடியில் கீறிய பெயரைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். பெயர் கீற மறந்தவர்கள் காயும் முன்பே ஈர்க்குச்சியால் கீறிவிடுங்கள்.

அன்புடன்,
குடும்ப நாள் ஏற்பாட்டுக் குழுவினர்