ஒன்பது சீட்டு

கோத்தகிரி,
கார்த்திகை 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். மூன்று வாரமாக உன் போன் வரவில்லை. அம்மா தினமும் கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மழை விடவில்லை. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து ஒரு நாள் பஸ் ஓடவில்லை.

கடைசியாகப் பேசியபோது நீ பணம் வைத்து ஆடிய ஒரு போக்கர் சீட்டாட்டத்தைச் சொல்லி, என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டாய். அன்று எனக்குப் பேச வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் கையில் இரண்டு ஆட்டின் (சிவப்பு இதயச் சீட்டு), மேசையில் திறந்த மூன்றில் இரண்டு. இன்னும் இரண்டு சீட்டு திறக்க வேண்டும். இன்னொரு ஆட்டின் விழுந்தால் ஒரே இனத்தில் ஐந்து சேரும். பதின்மூன்றில் நான்கு போக மீதி 9. நீ பார்க்காத சீட்டு 47. அடுத்ததே ஆட்டினாக விழ ஐந்தில் ஒரு வாய்ப்புகூட முழுதாக இல்லை. இரண்டு சீட்டும் பார்த்தால் நூற்றுக்கு 35 என்று நீ சொன்னது சரி. ஆனால் உன் எதிராளி இரண்டையும் ஒரே விலைக்குக் காட்ட மாட்டான். நான்காவது விழுந்ததும் மறுபடி ஏற்றுவான். நம் பழைய சீட்டுக்கட்டை எடுத்துக் கம்பளியில் விரித்து 50 தடவை போட்டுப் பார்த்தேன். 9 தடவைதான் ஆட்டின் வந்தது. தேயிலை ரசீதின் பின்புறம் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மேசையில் 100 பவுண்டு, அவன் கட்டியது 50. நீ 50 வைத்து 150-க்கு ஆசைப்படுகிறாய். நான்கில் ஒரு தடவை ஜெயித்தால்தான் கணக்கு நேராகும். ஆட்டின் விழுந்த பிறகும் அவன் விடாமல் கட்டுவான் என்றால் சரி, கட்டலாம். திருப்பி ஏற்றினேன் என்றாய். சும்மா மிரட்டுகிறவன் அதற்குச் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவான். உன் தைரியத்தில் எனக்குப் பெருமைதான். எதற்கும் கவிழ்க்காதவனிடம் அது செல்லாது. ஆட்டின் ஆஸ் உன்னிடம் இருந்ததா என்றும் நீ சொல்லவில்லை. வாடகைப் பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வை.

தம்பி போன வாரம் வந்தான். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. வாடகையை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடு, பாப்பா.

2000-இல் பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்தபோது அம்மாவின் சங்கிலி உரத்துக்காக அடகுக்குப் போனது என்றுதான் உனக்குத் தெரியும். அது உரத்துக்குப் போகவில்லை. மூன்று சீட்டில் போயிற்று. எதிரில் இருந்தவன் சீட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் ஏற்றிக்கொண்டே இருந்தான். பொய்யாட்டம் என்று நினைத்து நானும் விடாமல் கட்டினேன். போட்ட பணம் இன்னும் என்னுடையது, எழுந்தால்தான் போய்விடும் என்று தோன்றியது. நடுவில் கவிழ்த்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். அந்த வருடம் உன் பள்ளி விழாவுக்கு அம்மா மஞ்சள் கயிற்றோடு வந்தாள். சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீ மேடையிலிருந்து கையை ஆட்டினாய். நான் அவள் பக்கத்தில் இருந்தேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். அப்போது போன் செய். எவ்வளவு என்று மட்டும் சொல். மேல்காடு இன்னும் என் பேரில்தான் இருக்கிறது.

அப்பா