பொருள்: ஸ்டீராய்டு கிரீமால் வந்த பருவைச் சாதாரணப் பரு என்று சொன்னது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். உங்கள் முகக் கிரீமைப் பூசிய என் மகளுக்குக் கன்னம் முழுக்கப் பரு வந்ததாக எழுதியிருந்தேன். "இந்த வயதில் பரு சகஜம், தொடர்ந்து பூசுங்கள்" என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். அந்தக் கிரீமில் பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து இருக்கிறது. டியூபின் அடி மடிப்பில், பொடி எழுத்தில்.

சாதாரணப் பருவில் மயிர்க்காலின் வாய்ப்பகுதியில் செத்த செல்கள் உதிராமல் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். வெண்புள்ளி, கரும்புள்ளி எல்லாம் அந்த அடைப்புதான். அப்புறம் உள்ளே உப்பி, சுவர் கிழிந்தால் சிவந்து சீழ் கோக்கும். அதனால்தான் ஒரே முகத்தில் கரும்புள்ளி, சிறு பரு, சீழ்க்கட்டி என்று பல கட்டங்களும் கலந்திருக்கும்.

ஸ்டீராய்டு பருவில் வரிசையே தலைகீழ். முதலில் மயிர்க்காலின் உட்சுவர் ஓரிடத்தில் சிதைகிறது. அங்கே வெள்ளையணுக்கள் குவிந்து வீக்கமும் சீழும் வருகின்றன. அடைப்பு உண்டானாலும் பிறகுதான். கிளிக்மன் போன்ற தோல் ஆய்வாளர்கள் 1970களிலேயே திசுவை நுண்ணோக்கியில் பார்த்து எழுதிவைத்தது இது. மருந்து தயாரிக்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

தோல் மருத்துவர் லென்ஸ் வைத்து என் மகளின் கன்னத்தைப் பார்த்தார். எல்லாப் பருவும் ஒரே அளவு, ஒரே கட்டம். தேடியும் ஒரு கரும்புள்ளி இல்லை. தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரிந்தன. திசு எடுத்துச் சோதிக்கவே தேவையில்லை என்றுவிட்டார்.

எனக்கு அதிகம் கோபம் உங்கள் "தொடர்ந்து பூசுங்கள்" என்ற ஆலோசனை மீதுதான். ஸ்டீராய்டு சிவப்பைத் தற்காலிகமாக அமுக்கும். பூசினால் அடங்கும், விட்டால் எரிச்சலோடு கிளம்பும். சரி, மருந்து கேட்கிறது என்று நம்பி பிள்ளைகள் மறுபடி பூசுவார்கள். அதற்குள் தோல் இன்னும் மெலியும்.

அந்த ஆலோசனை தவறு என்று எழுத்தில் தெரிவியுங்கள். இதே பதிலை வேறு யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களுக்கும் திருத்தம் அனுப்புங்கள். ஸ்டீராய்டு இருப்பதை அட்டையின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிடுங்கள். பரு வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது என்பதையும் அங்கேயே சேருங்கள். மருத்துவர் சீட்டின் நகலும் மகளின் கன்னத்தின் படங்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்