ஆண்டறிக்கை 2024–25: காசி அல்ல, காஷி

உறுப்பினர்களுக்கு வணக்கம். நம் கணித ஆர்வலர் சங்கம் இந்த ஆண்டு பத்துக் கூட்டங்கள் நடத்தியது, மழையால் இரண்டு நின்றுபோயின. பிள்ளைகளுக்கான புதிர்ப் போட்டி நடந்தது. பொங்கலும் வைத்தோம்.

அப்புறம் அல்-காஷி விழா. செயலாளரின் பிடிவாதம் என்று சிலர் பேசியது காதில் விழுந்தது. பிடிவாதம்தான், மறுக்கவில்லை. ஈரானின் காஷானில் பிறந்து, இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள சமர்கந்தில் அதை ஆண்ட உலுக் பெக்கின் அவையில் இருந்த கணிதர் ஜம்ஷித் அல்-காஷி, வட்டத்தின் சுற்றளவைப் பற்றிய நூலை முடித்தது 1424-இல். 700-ஆவது ஆண்டுக்கு நாம் யாரும் இருக்கப்போவதில்லை, அதனால் 600-ஐ விட மனசில்லை. வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் போட்டதும் வந்த முதல் பதில்: "காசிக்கு எப்ப கிளம்புறோம், தலைக்கு எவ்வளவு?"

பிரபஞ்சம் அளவுக்கு ஒரு வட்டம் இருந்தாலும் அதன் சுற்றளவில் பிழை ஒரு குதிரைமுடியின் தடிமனைத் தாண்டக் கூடாது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டுதான் அந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார். வட்டத்துக்குள் பலகோணம், பக்கம் கூடக் கூட அதன் சுற்றளவு வட்டத்தை நெருங்கும், அப்படிப் பக்கங்களை இரட்டித்துக்கொண்டே போய் 80,53,06,368 பக்கம், ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஒரு வர்க்கமூலம், எல்லாம் கையால். பை, அதாவது சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண், 16 தசம இடம் வரை சரியாக வந்தது. 1596-இல் டச்சுக் கணிதர் லுடால்ஃப் வான் கூலன் 20 இடம் வெளியிடும்வரை அதை யாரும் தாண்டவில்லை.

நான் கால்குலேட்டரை வைத்துக்கொண்டே அறுகோணத்தில் ஆரம்பித்து 96 பக்கம் வரைதான் போனேன். கிடைத்த பை 3.1410. அதற்குள் நடுவில் ஒரு மூலம் தப்பி, இரவு பதினொரு மணிக்கு மறுபடி முதலிலிருந்து. கல்யாணச் சாரட்டு ஓட்டுகிறவரிடம் கெஞ்சி வாங்கிய குதிரைமுடி ஒன்றையும் விழாவுக்கு வைத்த சார்ட் பேப்பரில் ஒட்டியிருந்தேன். அதைத் தொட்டுப் பார்த்தது ஒரு சிறுமி மட்டும். வந்தவர்கள் ஒன்பது பேர், சுண்டல் நாற்பது பொட்டலம். சமர்கந்தில் அரசரே கூட்டத்தில் உட்கார்ந்து விவாதிப்பார் என்று காஷி தன் அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நம் துணைத் தலைவருக்கு அன்றைக்கு வேறு வேலை. சரி.

வரவுக்குள் செலவு ஏறக்குறைய அடங்கியது, விவரம் பொருளாளர் சொல்வார். அரங்க வாடகையில் கொஞ்சம் என் கைக்காசு, அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. சந்தா பாக்கி வைத்திருக்கும் பதினேழு பேரின் பெயரையும் படிக்கப்போவதில்லை. தலைவர், செயற்குழு, மைக் செட்காரர், அனைவருக்கும் நன்றி.

காஷி எழுதிய 'கணக்கின் திறவுகோல்' முடிந்தது 1427-இல். கொத்தனார்களுக்கு உதவும்படி வளைவு, குவிமாடம் அளக்கும் கணக்கெல்லாம் அதில் இருக்கிறது. அதற்கும் 600 வரப்போகிறது, இரண்டு வருடம்கூட முழுதாக இல்லை. இந்த முறை சின்ன அரங்கமே போதும் என்று சொல்பவர்கள், அதற்காவது முன்பணம் கட்ட வேண்டும் என்பதை யோசிக்கவும். ரசீதுப் புத்தகம் இன்று என் பையில்தான் இருக்கிறது, கூட்டம் முடிந்தபின் வாசல் பக்கம் நிற்பேன்.